ஜெரோமின் துயரத் திருகு

துயரத் திருகு ஒன்பதில் இருந்தவரை ஜெரோம் கேரவனை விட்டு இறங்கவே இல்லை.

"உண்மையான ஜெரோம்தான் வேணும்னு அடம்பிடிச்சேன். வந்துட்டான். அதான் பிரச்சினையே," என்று புலம்பினான் இயக்குநர் சிபி.

கேரவனுக்குள் இருந்தது நடிகர் ருத்ரேஷின் உடம்பு. ஜெரோமின் பேட்டிகள், ஒலிநாடாக்கள், நண்பர்களின் நினைவுகள் எல்லாவற்றையும் அரைத்து, மனவார்ப்பி என்ற எந்திரம் அவன் குணத்தை ருத்ரேஷின் தலைக்குள் ஊற்றியிருந்தது. சோகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஒரு திருகு. மாலையில் எல்லாவற்றையும் வடித்துவிடலாம்.

ராயபுரத்து ஜெரோம் 'துரு' குழுவின் பாடகன். அவர்கள் வாசித்தது போஸ்ட்-பங்க் என்ற இருண்ட ராக் இசை. அவன் அம்மாவைக் கேட்டால், தகரத்தைத் தரையில் இழுத்துக்கொண்டே அழுவது. கடைசிக் கச்சேரியில் பாதிப் பாட்டில் மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனவன், பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அவனைப் பற்றிய படத்தில் அந்தக் காட்சி மட்டும்தான் பாக்கி. அரங்கமும் ருத்ரேஷின் கால்ஷீட்டும் இன்றோடு சரி.

திருகை மூன்றுக்கு இறக்கினார்கள். ஜெரோம் துள்ளி இறங்கினான். லைட்மேன்களுக்கெல்லாம் வணக்கம் வைத்தான். மேடையேறி, அந்த ஒப்பாரியைக் கல்யாண வரவேற்புக் கச்சேரி மாதிரி, கூட்டத்தைக் கைதட்டச் சொல்லிப் பாடினான்.

"கட்! ஜெரோம், நீங்க பாதியில இறங்கிப் போகணும்."

"எதுக்கு சார்? ஜனங்க நல்லாத்தானே கேக்குறாங்க?"

சிபி மிச்சமிருந்த முடியையும் பிய்த்துக்கொண்டான்.

சாப்பாட்டு வேளையில் ஜெரோம் பிலோமினாவின் எதிரில் போய் உட்கார்ந்தான். துருவின் டிரம்மர் அவள். இப்போது படத்துக்கு ஆலோசகர்.

"என்ன பிலோ, கிழவியாயிட்ட? இப்பவாச்சும் தாளத்துல அடிக்கிறியா?"

"நீ மொதல்ல சுருதியில பாடு. அப்புறம் பேசு."

சிரித்துக்கொண்டே அவன் இன்னும் கொஞ்சம் மீன்குழம்பு ஊற்றிக்கொண்டான். அவள் சாப்பிடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவன் வயிறாரச் சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல தம்பி," என்றாள் சிபியிடம். "மூணுலயே விட்ருங்களேன்."

"படம் முடியணும்க்கா."

ஜெரோம் நிமிர்ந்தான். "ஏதோ திருகு இருக்காமே. அப்பவே இருந்திருந்தா, எந்தப் பக்கம் சார் திருப்பியிருப்பீங்க?"

"ஆறு மணிக்குள்ள அரங்கத்தைக் காலி பண்ணணும்," என்றான் சிபி. அது பதில் இல்லை என்று அவனுக்கும் தெரிந்தது. பதின்வயதில் ஒரு மோசமான வருடத்தை ஜெரோமின் பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் அவன் கடந்திருந்தான்.

வழி கிடைத்தது. மேடையேறும்வரை மூன்று, பாதிப் பாட்டில் ஒன்பது. டெக்னீஷியன் மாட்டேன் என்று கையை எடுத்துக்கொண்டதால் சிபியே திருகினான்.

ஜெரோமின் குரல் உள்ளே போயிற்று. அவன் கண்கள் கூட்டத்தில் யாரையோ தேடின. பிலோமினா எழுந்து ஓடப் பார்த்தாள். உதவி இயக்குநர் அவள் கையைப் பிடித்தார். "அக்கா, ஃப்ரேம்ல வந்துருவீங்க."

படப்பிடிப்புக் குழுவின் நூறு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ஜெரோம் மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனான். ஒரே டேக்.

படம் வெளியானபோது திரையரங்கமே அழுதது. காட்சி முடிந்ததும் ஒரு பெண் மூக்கை உறிஞ்சியபடி எழுந்து, அங்கே வந்திருந்த இயக்குநரைக் கேட்டாள்: "அவரு அவ்ளோ கஷ்டப்பட்டப்போ, பக்கத்துல ஒருத்தர்கூடவா சார் இல்ல?"

"இருந்தோம்மா," என்றான் சிபி. "நூறு பேர் இருந்தோம்."

அதைத் தத்துவம் என்று எடுத்துக்கொண்டு கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.