இடப்பக்கம் சுற்றும் நிலா

கடிகாரம் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர், நனைந்த குடையை மடக்காமலே துப்பறிவாளரின் அறைக்குள் நுழைந்தார். "சார், என் வீட்டுல யாரோ நிலாவை நகத்துறாங்க."

துப்பறிவாளரின் உதவியாளருக்கு ஊரார் வைத்த பெயர் அவசரம். "மறதியா இருக்கும்" என்று வாயெடுத்தவரைத் துப்பறிவாளர் ஒரு பார்வையில் அடக்கினார்.

நேரில் போய்ப் பார்த்தபோது, கூடம் முழுவதையும் ஒரு கோளே அடைத்துக்கொண்டிருந்தது. நடுவில் பூசணிக்காய் அளவில் கோடு போட்ட மரப்பந்து. "அத்தனையும் வாயு சார். நிக்கத் தரையே கிடையாது" என்றார் பெரியவர், சொந்த நிலத்தைக் காட்டுகிறவர் போல. சுற்றிலும் கம்பிகளின் நுனியில் ஏழு நிலாக்கள், அடியில் பல்சக்கரங்கள். எந்த வானத்திலும் இல்லாத அந்தக் கோள், சிறுவயதில் அவரும் அண்ணனும் கற்பனையில் உண்டாக்கியது. ஆறு நிலாக்களை வாரத்துக்கு ஒரு பல் வீதம் அவர் வலப்பக்கம் தள்ளிவிடுவார். ஏழாவது அண்ணனுடையது. அம்மா இறந்த அன்று இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றிப் பேச்சு நின்றது. பதினோரு வருஷமாக அந்த நிலாவும் நின்றுவிட்டது.

"இப்ப மூணு வாரமா நகருது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் நூலகம் போயிட்டு வந்து பார்த்தா, மூணு பல் இடப்பக்கம் போயிருக்கு. இன்னொரு சாவி வேலைக்கார அம்மாகிட்டதான் இருக்கு. நாளையோட அவங்களை நிறுத்திடப்போறேன்."

அந்த அம்மாளும் போய்விட்டால், அந்த வீட்டில் அவருடன் ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது.

"துடைக்கும்போது கை பட்டிருக்கும்" என்றார் அவசரம்.

"கை பட்டா மூணு வாரமும் சரியா மூணு பல்லா நகரும்?" துப்பறிவாளர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "மத்ததெல்லாம் வலப்பக்கம் போகுது. இதை மட்டும் ஏன் இடப்பக்கம் தள்ளணும்?"

"அதான் சார் விதி. அண்ணனுக்கு இடது கைப் பழக்கம். அவன் நிலா அப்படித்தான் போகும்."

"விதியை எங்கேயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"எதுக்கு சார்? எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தானே..." பெரியவர் பாதியில் நிறுத்தி ஏழாவது நிலாவைத் திரும்பிப் பார்த்தார்.

துப்பறிவாளர் கதவோரம் நின்ற வேலைக்கார அம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் தொடலைங்க," என்றார் அவர், முந்தானையைத் திருகியபடி. "யாராவது வந்தாங்களான்னு ஐயா கேக்கவே இல்லையே. சொல்லக் கூடாதுன்னு ஐயாவோட அண்ணன் பெரியய்யா சத்தியம் வாங்கிட்டார். வருவார், தள்ளுவார், ஐயா நாற்காலியில கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயிடுவார்."

அவசரத்துக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. "வாரத்துக்கு ஒரு பல்தானே கணக்கு? எதுக்கு மூணு?"

"ஒண்ணு இந்த வாரத்துக்கு. ரெண்டு, தள்ளாம விட்டுப்போன வாரங்களுக்கு." துப்பறிவாளர் பெரியவரின் பக்கம் திரும்பினார். "பதினோரு வருஷத்தை இப்படிப் பிடிக்க இன்னும் அஞ்சரை வருஷம் ஆகும். உங்க அண்ணனுக்கு என்ன வயசு?"

"எண்பத்து நாலு." பெரியவர் செருப்பைத் தேடி மாட்டினார்.

"ரெண்டு தெரு தள்ளித்தாங்க இருக்கார்," என்றார் வேலைக்கார அம்மாள். "நான் வந்து வீட்டைக் காட்டட்டுமா?"

"தெரியும்மா," என்றார் பெரியவர். "அந்தத் தெருப் பக்கம் போகக் கூடாதுன்னுதான் இத்தனை வருஷமா நூலகத்துக்குச் சுத்திப் போறேன்."