இணைப்புதோறும் கொக்கி

நிலவின் தென்முனையில் இருந்த வெண்குழிக் குடியேற்றத்தில், காலையில் எழுந்ததும் எல்லா வீட்டிலும் முதலில் காற்றைக் காய்ச்சுவார்கள். கட்டியாக வரும் பிராணவாயுவை வளியடுப்பில் இட்டு உருக்கி, அது வீடெங்கும் பரவிய பிறகுதான் காப்பிக்குத் தண்ணீர் வைப்பார்கள்.

அடுப்புகளுக்கான மின்சாரம், வெகு தொலைவில் வெயில் காயும் மலைமுகட்டிலிருந்து அலையாக வந்தது. அதைச் சுமந்த மின்தடம் ஒரே சீரானதல்ல. பல தலைமுறைகள் கையில் கிடைத்த உலோகத்தை வைத்து நீட்டியது. ஓரிடத்தில் தொடைப் பருமன். அடுத்த இடத்தில் விரல் பருமன். பருமன் மாறும் ஒவ்வொரு இணைப்பிலும் அலையில் ஒரு பகுதி, சுவரில் பட்ட பந்தைப் போலத் திரும்பிவிடும். அப்படித் திரும்பும் எதிரலைகள் ஒன்றுசேர்ந்தால் அடுப்புகள் கருகிப்போகும்.

நாச்சம்மை அந்தத் தடத்தின் கணிதர். தடத்தைச் சிறுசிறு துண்டுகளாகப் பாவித்து, ஒவ்வொன்றுக்கும் சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் கோத்து விடை கண்டாள். விடையின்படி வெண்குழியின் அடுப்புகள் எப்போதோ கருகியிருக்க வேண்டும். ஆனால் ஊரே சுகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தன் கணக்கில் எங்கே பிழை என்று புரியாமல், ஊர்தியை எடுத்துக்கொண்டு தடத்தின் வழியே போனாள்.

முதல் இணைப்பிலேயே ஒரு செம்புக் கொக்கி தொங்கியது. அதிலிருந்து இறங்கிய கம்பி, மரியசீலன் என்பவனின் தக்காளிக் கூடாரத்துக்குள் போயிற்று. அவன் மறைக்கவில்லை.

“இணைப்புலதான்க்கா மேலுறை மெலிசா இருக்கு, மாட்டுறது சுலபம். நான் மட்டுமா போடுறேன்? போய்ப் பாருங்க” என்றான்.

பார்த்தாள். ஏறக்குறைய எல்லா இணைப்பிலும் கொக்கிகள். ஒன்றில் மாவரைக்கும் இயந்திரம், இன்னொன்றில் கோழிக்குஞ்சுகளுக்கான கணப்பு.

கொக்கிகளையும் சமன்பாட்டில் சேர்க்க அவள் உட்கார்ந்தாள். அதற்குள் மன்றத் தலைவர் அருளப்பனுக்குச் செய்தி எட்டிவிட்டது. அவர் மன்றப் பணியாளர்களை அனுப்பிக் கொக்கிகள் அத்தனையையும் அறுத்தெறிந்தார். மறுநாள் விளக்குகள் கண் கூசும்படி எரிந்தன. அடுப்புகள் ஒவ்வொன்றாகப் புகைந்தன. ஊரே மூச்சுக்கவசம் மாட்டிக்கொண்டு பொதுக்கூடத்தில் கூடியது.

நாச்சம்மையின் விடையும் அப்போது வந்துவிட்டது. அலை திரும்பும் இடந்தோறும் ஒரு கொக்கி இருந்து எதிரலையை விழுங்கியிருந்தது.

“சார், நம்மள இவ்வளவு நாளா காப்பாத்துனது இந்தத் திருட்டுதான். திரும்பப் போடச் சொல்லுங்க” என்று அருளப்பனிடம் சொன்னாள்.

அத்தனை இணைப்புகளிலும் மாட்டி மின்சாரத்தை இழுக்க மன்றத்திடம் கருவிகள் இல்லை. எனவே, விரும்பியவர் இலவசமாகக் கொக்கி போடலாம் என்று அருளப்பன் அறிவித்தார். ஒருவரும் வரவில்லை. நாச்சம்மை மரியசீலனைக் கேட்டதற்கு, அரசாங்கமே கூப்பிட்டுச் சும்மா கொடுத்தால் அதில் ஏதோ இருக்கிறது என்றான்.

அவள் சற்று யோசித்தாள். பிறகு அருளப்பனிடம் சொல்லி அந்த அறிவிப்பை ரத்து செய்ய வைத்தாள். ஒவ்வொரு இணைப்பிலும் விளக்கோடு ஒரு பலகை நடப்பட்டது: ‘இங்கே கொக்கி போடுவது தண்டனைக்குரிய குற்றம்.’

மாலைக்குள் எல்லா இணைப்புகளும் நிறைந்துவிட்டன. விளக்குகள் அடங்கின; கருகியவற்றுக்குப் பதிலாக வைத்த புது அடுப்புகள் சீராக எரிந்தன. மாட்ட இடம் கிடைக்காத ஒருவர், எச்சரிக்கைப் பலகையின் விளக்கிலிருந்தே கம்பி இழுத்திருந்தார்.