மூன்றாவது பாட்டில்

மதியம் மூன்று மணிக்குப் பாத்திரம் கழுவும் தொட்டியில் மூன்று பால் பாட்டில்கள் கிடந்தன. அவளுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள், இரண்டு வாய், வேளைக்கு இரண்டு பாட்டில். இதில் கணக்குத் தப்ப என்ன இருக்கிறது? மூன்றையும் கையில் எடுத்துப் பார்த்தாள். இரண்டு ஜில்லிட்டுப் போய், அடியில் பால் காய்ந்து, புளித்த வாடை அடித்தது. மூன்றாவது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் குடித்து முடித்த மாதிரி.

கணவன் கொடுத்திருப்பான் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி, போய்க் கேட்கத் தோன்றவில்லை. ஏழு மாதமாகவே எதையும் கேட்கத் தோன்றுவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல மனசு முழுக்க மரத்துக் கிடந்தது. தொட்டால் தொடுவது தெரியும், அவ்வளவுதான்.

அவன் பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர்களுக்கு ட்யூட்டி போடுகிறவன். குழந்தைகள் பிறந்த மூன்றாவது வாரமே வீட்டுக்கும் ஒரு ட்யூட்டி சார்ட் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டான். மூன்று மணி நேரம் அவன், மூன்று மணி நேரம் அவள். ட்யூட்டியில் இருப்பவர் அடுத்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே ஹாலுக்கு வந்துவிட வேண்டும். இல்லையென்றால் மற்றதும் எழுந்து வீடு ரெண்டாகிவிடும். வெளிச்சம் பட்டாலே முழித்துக்கொள்கிற ஜென்மங்கள் என்பதால் படுக்கையறை ஜன்னலுக்கு இரட்டைத் திரை போட்டிருந்தார்கள். பகலிலும் அங்கே இருட்டுதான். அழுததைத் தூக்கு, பால் கொடு, முதுகைத் தட்டு, இருட்டில் தடவிக் கொண்டுபோய்த் தொட்டிலில் கிடத்து. எது அழுதது என்று யார் முகத்தைப் பார்த்தார்கள்?

பெரிசுக்கு வலது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். மச்சம் இல்லாதது சிறுசு. இருவருக்கும் தெரிந்த அடையாளம் இது ஒன்றுதான். அவள் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவள். ஊரார் கண்ணையெல்லாம் உற்றுப் பார்க்கிற நீ, பெற்ற பிள்ளைகளைக் காதைத் திருப்பியா கண்டுபிடிப்பாய் என்று தங்கை கேலி செய்வாள்.

ஒரு வாரமாக டயப்பர் பாக்கெட் சீக்கிரமே தீர்ந்துகொண்டிருந்தது. பால் பவுடர் டப்பாவும் அப்படித்தான். நீ அநியாயத்துக்கு மாற்றுகிறாய் என்று அவன் சொன்னான், நீங்கதான் என்று அவள் சொன்னாள். சண்டை போட இருவருக்கும் தெம்பில்லாமல் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

குழந்தைகள் இல்லாமல் வெளியே போவதற்கும் அவன் ஓர் அட்டவணை வைத்திருந்தான். முதல் தடவை தெருமுனை வரை பத்து நிமிடம், அடுத்தது அரை மணி. தங்கை வந்து பார்த்துக்கொண்டாள். இன்றைக்கு முழுசாக இரண்டு மணி நேரம். தங்கைக்கு வேலை வந்துவிட்டதால், பக்கத்துத் தெருக் குழந்தைகள் காப்பகத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கும் அக்காவை வரச் சொல்லியிருந்தார்கள். ஐந்து மணிக்கு அந்த அக்கா வந்தாள். இரண்டும் தூங்குகின்றன, அழுதால் மட்டும் உள்ளே போங்கள், பால் இரண்டு பாட்டிலில் கலந்து வைத்திருக்கிறது என்று அவன் பணிமனையில் சொல்வது போலவே வரிசையாகச் சொன்னான். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எத்தனை பார்த்திருப்பாள்.

வெளியே கிளம்பச் செருப்பை மாட்டிய அவள் அதைக் கழற்றிவிட்டுப் படுக்கையறைக் கதவை ஒரு சாண் திறந்தாள். பவுடர் வாசனையும் ஈரத் துணியின் வாடையும் கலந்த வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. இருட்டில் தொட்டிலின் கம்பிகள்கூடத் தெரியவில்லை. மின்விசிறியின் கிறீச்சிடலுக்கு அடியில், பூனை தூங்குவது போன்ற இரண்டு மெல்லிய மூச்சுகள் முன்னும் பின்னுமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அந்த இரண்டும் அடங்குகிற சின்ன இடைவெளியில் இன்னொன்று இருந்தது. நிதானமான, நீளமான மூச்சு. காது கொடுத்துக் கேட்டாள். அது நின்றது. அவள் கேட்பது தெரிந்து நிறுத்திக்கொண்டது போல நின்றது.

விளக்குச் சுவிட்ச் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. போட்டால் இரண்டும் எழுந்துவிடும். இன்றைய இரண்டு மணி நேரம் போய்விடும். கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டாள்.

ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு அப்படியே கடைகளை ஒரு சுற்றுச் சுற்றுவது என்றுதான் திட்டம். கடைகள் நிறைந்த அந்தப் பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில் காரை நிறுத்தியதும் அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். பிறகு, தப்புச் செய்யக் கூப்பிடுகிறவன் போல அவளைப் பார்த்தான்.

"இங்கயே தூங்கிடலாமா?"

ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு அவன்மேல் ஆசையாக இருந்தது. இருவரும் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு, வந்து போகிற வண்டிகளின் சத்தத்துக்கு நடுவே, அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார்கள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். கனவு எதுவும் இல்லாமலே விழிப்பு வந்தது. மூன்றாவது பாட்டிலின் அந்த வெதுவெதுப்பு உள்ளங்கையில் அப்படியே இருந்தது.

"மத்தியானம் மூணு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி பால் கொடுத்தீங்களா?"

"நான் எங்க கொடுத்தேன். உன் ட்யூட்டிதானே அப்போ."

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. காப்பகத்து அக்கா. குரலில் ஒரு பதற்றமும் இல்லை. சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம் பின்னால் கேட்டது.

"தொந்தரவு பண்றேன்னு நினைக்காதம்மா. பாட்டில் ரெண்டுதான் இருக்கு. மூணாவது குழந்தைக்கு என்ன கொடுக்கறது?"

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீங்க ரெண்டுன்னுதான் சொன்னீங்க. சரி, பக்கத்து வீட்டுக் குழந்தையையும் சேர்த்துப் போட்டிருக்கீங்க போலன்னு நினைச்சேன். மூணும் ஒரே அச்சா இருக்கு…" அதற்குள் அங்கே காலிங் பெல் அடித்தது. "இரும்மா, யாரோ வந்திருக்காங்க."

தொடர்பு போய்விட்டது.

திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். கார் வெளியே வந்தபோது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அந்த அக்காவுக்கு எண்ணத் தெரியாதா என்று அவன் ஒரு தடவை சிரிக்கப் பார்த்தான். அப்புறம் டயப்பர் ஞாபகம் வந்திருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டான். ஒவ்வொரு சிக்னலிலும் நின்றார்கள். போன வாரம் ஒரு நாள், கதறுகிற ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடந்தபோது, ஒன்றே ஒன்றாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று அவள் வாய்விட்டே சொல்லியிருந்தாள். அது இப்போது ஏன் ஞாபகம் வருகிறது? என் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. வேறெதுவும் வேண்டாம். கையைக் கிள்ளிப் பார்த்தாள். வலிக்கவில்லை.

இரண்டாவது மாடி. கதவு திறந்திருந்தது. அக்கா சோபாவில் உட்கார்ந்து குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள வந்துட்டீங்க? ரெண்டும் சமத்தாப் படுத்திருக்கு."

"ரெண்டா?" என்றான் அவன்.

"அந்த இன்னொரு குழந்தைய அவங்க அம்மா வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்களே. இப்பதான், அஞ்சு நிமிஷம்கூட இருக்காது. பெல் அடிச்சது அவங்கதான், என் பிள்ளை இங்க இருக்கு, கொடுங்கன்னு, நான் மூணுக்கும் துணி மாத்தி முடிக்கிறவரைக்கும் வாசல்லயே நின்னாங்க, போனக்கூட எடுக்க முடியல. காப்பகத்துல தினமும் சாயங்காலம் அப்படித்தானே வந்து வாங்குவாங்க. நானும் தூக்கிட்டு வந்து கொடுத்தேன்."

"எதக் கொடுத்தீங்க?" அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

மடித்துக்கொண்டிருந்த துணியோடு அக்காவின் கை நின்றது. அப்போதுதான் யோசித்தாள் போலிருக்கிறது.

"நான் போய்க் குனிஞ்சப்ப அதுதான் கையக் கால ஆட்டிட்டு இருந்துச்சு. தூக்கினதும் வீல்னு கத்துச்சு. அவங்க கைக்குப் போகவே மாட்டேன்னு என் புடவையப் பிடிச்சுக்கிச்சு. பாவம், விரலப் பிரிச்சுத்தான் கொடுத்தேன். இது ரெண்டும் சத்தமே போடல."

அவன் படிகளில் தடதடவென்று கீழே ஓடினான்.

அவள் படுக்கையறைக்குள் போனாள். விளக்கைப் போட்டாள். திரைகளை இழுத்துத் தள்ளினாள், ஜன்னலைத் திறந்தாள். தொட்டிலில் இரண்டு. ஒன்று வெளிச்சத்துக்கு முகத்தைச் சுளித்து அழத் தொடங்கியது. காதைத் திருப்பினாள். மச்சம். பெரிசு. அப்பாடா, பெரிசு.

மற்றதைத் திருப்பினாள். மச்சம் இல்லை. சிறுசுக்கும் மச்சம் இல்லை. இன்னொரு காதிலும் இல்லை. கழுத்தில், முதுகில், அக்குளில், எங்கேயும் எதுவும் இல்லை. சிறுசுக்கு என்று ஓர் அடையாளம் அவர்கள் வைக்கவே இல்லை.

முகத்தைப் பார்த்தாள். நன்றாக, கிட்டத்தில், கடையில் பார்ப்பது போலப் பார்த்தாள். அது அழவில்லை. கண்ணும் கூசவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இதுதானா? இந்த மூக்கா, இந்தப் புருவமா? தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை. தூக்கினாள். கனத்தது. நேற்றும் இவ்வளவு கனத்ததா? தெரியவில்லை.

அப்போது கேட்டது.

கீழே, தெருவில். தூரத்தில். குழந்தையின் அழுகை. தொண்டை கட்டிப்போய், விட்டு விட்டு. அது நகர்ந்துகொண்டிருந்தது. யாரோ அவசரமில்லாமல் நடந்து போகிறார்கள். அவன் எதிர்த்திசையில் கூவிக்கொண்டு ஓடுவதும் கேட்டது.

அவள் நெஞ்சு சுரீர் என்றது. பால் வற்றி ஒரு மாதமாகிறது அவளுக்கு. இப்போது, அந்த அழுகை மேலே வந்து தொட்டதும், சட்டையின் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்தது. சூடாக. வலித்தது. உயிர் போகிற வலி. ஏழு மாதமாக இல்லாத எல்லாம் ஒன்றாக வந்து வலித்தது.

"என் சிறுசு," என்றாள்.

ஜன்னல் பக்கம் திரும்பினாள். இடுப்பில் இருந்த அது ஒரு கையால் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. இறுக்கமாக. இன்னொரு கையை அவள் தாடையில் வைத்து, மெதுவாக, முகத்தைத் தன் பக்கம் திருப்பியது. அழுகை தெருமுனை தாண்டியது. தேய்ந்தது.

அது தலையைத் தாழ்த்தியது. சட்டையின் ஈரத்தைத் தேடி வாயை வைத்தது. உறிஞ்சத் தொடங்கியது.

அவள் கை, பழக்கத்தில், அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.