முப்பது டன் பிணம்

"ஐயோ... சார்! ஓடி வாங்க! எல்லாம் போச்சு!"

குளிர் அறையிலிருந்து ஸ்டோர் கீப்பர் அலறினாள்.

திங்கட்கிழமை. இரண்டு நாள் விடுமுறை முடிந்து ஆலை திறந்த காலை எட்டரை மணி.

உள்ளே செத்துக் கிடந்தது ஆளல்ல. முப்பது டன் பட்டாணி!

உறைய வைக்கும் ஆலையின் முதலாளியான தம்பி ஓடினான். பக்கத்து காம்பவுண்டில் டப்பா உணவு ஆலை நடத்தும் அண்ணனும் வந்து நின்றான்... ஒன்றும் தெரியாத முகத்தோடு.

தம்பி ஒரு மூட்டையைத் தூக்கித் தரையில் போட்டான்.

ணங்! பாறாங்கல்!

"உறைஞ்ச பட்டாணி கோலிக்குண்டு மாதிரி தனித்தனியா உருளணும்ணே. இது உருகி, மறுபடி உறைஞ்சிருக்கு. யாரோ குளிர் மோட்டார நிறுத்தியிருக்காங்க!"

அண்ணன் மூட்டையை உற்றுப் பார்த்தான். மறுபடி உறைய வைத்துவிட்டால் வெளியே தெரியாது, வருகிறவர்கள் ருசி பார்த்து முகம் சுளிப்பார்கள் என்றல்லவா நினைத்திருந்தான்! டப்பாவில் அடைப்பவனுக்கு உறைய வைப்பவன் தொழில் என்ன தெரியும்?

"இன்னிக்குப் பார்த்தா முதலீட்டுக்காரங்க வராங்க..." தம்பியின் குரல் உடைந்தது.

வரட்டும்! பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போகட்டும்! அண்ணன் உள்ளுக்குள் கறுவினான்.

ஆறு மாதமாக அண்ணனுக்கு வயிறு எரிகிறது. "டப்பா உணவுக்கு இப்ப யாரும் பணம் போடறதில்ல சார். முதலீடு பூரா உறைய வைக்கிற தொழிலுக்குத்தான்" என்று ஓர் அம்மாள் அவன் ஆலையை வாசலோடு பார்த்துவிட்டுத் தம்பியிடம் போய் உட்கார்ந்த நாளிலிருந்து. தன்னிடம் தொழில் கற்ற பொடிப்பயலுக்குக் கோடிகளா?

போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"அலாரம் வயர் அறுந்திருக்கு. வெப்பநிலை பதிவாகிற தாளக் காணோம். கில்லாடிதான்! ஆனா பூட்டு உடையல... சாவி யார்கிட்ட?"

"ரெண்டே சாவி சார். ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு அண்ணன்கிட்ட. அவரச் சந்தேகப்பட்டா என் நாக்கு அழுகிடும்!"

அண்ணன் தன் சாவிக்கொத்தைச் சட்டைப்பைக்குள் தள்ளினான்.

இன்ஸ்பெக்டர் மோட்டார் அறைக்குப் போனார். அதற்குள் வாசலில் கார் சத்தம்... முதலீட்டுக்கார அம்மாள்!

பட்டாணியைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"ஸாரி. பாதுகாப்பே இல்லாத இடத்துல எங்க ஆளுங்க பணம் போட மாட்டாங்க."

அண்ணனுக்கு உச்சி குளிர்ந்தது!

அம்மாள் தம்பியிடம் திரும்பினாள். "பாவம், உங்க அண்ணனும்தான்! அவர் ஆலையையும் சேர்த்துக்கிட்டாத்தான் கையெழுத்துன்னு ஆறு மாசமா அடம் பிடிச்சீங்க. வெள்ளிக்கிழமைதான் எங்க ஆளுங்ககிட்ட சம்மதம் வாங்கினேன். பணத்துல சரிபாதி அவருக்கு!"

"இன்னிக்குச் சொல்லி அசத்தலாம்னு இருந்தேண்ணே..." தம்பி விசும்பினான்.

அண்ணன் பட்டாணி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டான். அடப்பாவி... என் தலையில் நானே கல்லைப் போட்டுக்கொண்டேனே!

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். கையில், சுவிட்ச் போர்டில் நூல் கட்டித் தொங்கிய பழைய நோட்டு.

"இதென்ன?"

"அப்பா எங்க ரெண்டு பேருக்கும் போட்ட சட்டம் சார். மோட்டார யார் நிறுத்தினாலும், போட்டாலும் நேரத்த எழுதிக் கையெழுத்துப் போடணும். மறந்தா கன்னத்துல பளார்!"

இன்ஸ்பெக்டர் படித்தார்.

"வெள்ளி மாலை 6.10, நிறுத்தம். ஞாயிறு காலை 7.00, ஓட்டம். ரெண்டுலயும் ஒரே கையெழுத்து..."

தம்பி எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"அண்ணே... நீயா?"

முப்பது வருடப் பழக்கம்! திருட்டு வேலைக்கு வந்த கை, தன் பாட்டுக்கு எழுதியிருந்தது.

இன்ஸ்பெக்டர் பேனாவை நீட்டினார்.

"ஸ்டேஷன்லயும் ஒரு நோட்டு தொங்குது சார். உள்ள போற நேரத்த எழுதிக் கையெழுத்துப் போடுங்க... வெளிய வர்ற நேரத்த ஜட்ஜ் எழுதுவாரு!"