மூன்றாம் கூடையடியில் ஒரு நாகு

காலை 7.40. மடத்துவெளிப் பூங்காவின் தட்டெறி விளையாட்டின் மூன்றாம் கூடையடியில் கந்தப்புவின் செவலை நாகு, கன்று ஈனாத இளம் பசு, தலையை உதறி உதறி நின்றது. இடது கண் கிழிந்து இரத்தம் தாடைவரை வழிந்திருந்தது. காலடியில் மஞ்சள் நிறத் தட்டு ஒன்று கிடந்தது. அதன் அடிப்பக்கத்தில் கறுப்பு மையால் ‘துசாரா’ என்று எழுதியிருந்தது.

8.25க்கு வேலணையிலிருந்து கால்நடை வைத்தியர் மாக்கிறேற் வந்து இறங்கியபோது, துசாராவின் தட்டுத்தான் கண்ணைக் கிழித்ததென்று கூடியிருந்தவர்கள் தீர்ப்பே சொல்லி முடித்திருந்தார்கள்.

“இண்டையோட இந்தத் தட்டெறியை நிப்பாட்டிறன்,” என்று கத்திக்கொண்டு நின்றார் பூங்காச் சங்கத் தலைவர் மார்க்கண்டு. பூங்காவை ஒட்டியதுதான் அவருடைய வளவு. நாகுவை முதலில் கண்டு ஆட்களைக் கூப்பிட்டவரும் அவர்தான்.

மரங்களுக்கிடையே ஒன்பது சங்கிலிக் கூடைகள். குறித்த இடத்தில் நின்று, தட்டை மரத்தில் முட்டாமல் எறிந்து கூடைக்குள் விழுத்தவேண்டும். தபாற்கந்தோர் வேலைக்குப் போகுமுன் துசாரா தினமும் தனியாக வந்து எறிவாள். அன்றும் வந்திருந்தாள்.

“நான் எறியேல்லை,” என்றாள் அவள் கோபத்தோடு. “போன ஞாயிறு நாலாம் கூடைக்கு எறியேக்க அந்தத் தட்டு பனை உச்சியில வட்டுக்குள்ள சிக்கினது. பிறகு நான் அதைக் காணவேயில்லை.”

“பனையில சிக்கினது இறங்கி நடந்து வந்ததோ?” என்றார் மார்க்கண்டு. நாலு பேர் சிரித்தார்கள்.

கந்தப்பு சிரிக்கவில்லை. “வாற மாசம் கண்டு போட இருக்குது. பிழையை ஒத்துக்கொள்ளக்கூட உனக்கு மனமில்லையோ, பிள்ளை?”

மாக்கிறேற் நேரே நாகுவிடம் போனார். வலி குறைய ஊசி போட்டார். காயத்தைக் கழுவிப் பார்த்தார். கீழிமையில் மெல்லிய வெட்டு ஒன்று தொடங்கி, மேலே போய்க் கொக்கிபோல் வளைந்து, இழுத்துக் கிழித்திருந்தது. கண்ணைச் சுற்றிய எலும்பில் வீக்கமில்லை, இரத்தம் கட்டிய கண்டலுமில்லை. பிறகு தட்டை எடுத்தார். விளிம்பு விரற்கனம், மழுங்கல். உட்புறத்தில் பழுப்புத் தும்புகள் சிக்கியிருந்தன. அண்ணாந்து பார்த்தார். மேலே வேம்பும் பூவரசும்தான்.

வாயில்லாச் சீவனின் கண்ணைக் கிழித்தவன் இந்தக் கூட்டத்துக்குள்தான் நிற்கிறான் என்று அப்போதே நினைத்தார்.

9.05. “நாலாம் கூடைப் பக்கம் ஒருக்காப் பாப்பம்,” என்றார். எல்லோரும் பின்னால் போனார்கள்.

துசாரா காட்டிய பனை அவ்வளவு உயரமில்லை. காய்ந்த காவோலைகூட ஒன்றில்லாமல் வட்டு மொட்டையாக இருந்தது. மட்டைகளை வெட்டிய இடம் இன்னும் காயவில்லை. பக்கத்தில் மார்க்கண்டுவின் வேலி. புது ஓலை. ஓரிடத்தில் மட்டும் ஓலையைத் தாங்கும் வரிச்சு முறிந்து, அவசரமாக நைலோன் கயிற்றால் கட்டியிருந்தது. வேலி இடுக்கால் எட்டிப் பார்த்தார் மாக்கிறேற். பூங்காவின் எல்லைக்கல், வேலிக்கு அந்தப் பக்கம், மார்க்கண்டுவின் வளவுக்குள் நின்றது.

“வேலி எப்ப அடைச்சனீங்கள், ஐயா?”

“நேற்றுப் பின்னேரம்.”

“ஓலை?”

“இந்தப் பனையிலதான். தடி நுனியில வளைஞ்ச கத்தி, கொக்கைச்சத்தகம், கட்டி நானே வெட்டினனான். ஏன், அதுவும் குற்றமோ?”

“வட்டுக்குள்ளயிருந்து வேற ஒண்டும் விழேல்லையோ?”

மார்க்கண்டு வேலிப் பக்கம் திரும்பினார். “இல்லை.”

“சத்தகத்தைக் காட்டுங்கோ.”

“அது எங்க கிடக்கோ தெரியாது.”

கந்தப்பு வளவுப் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கிணற்றடியில் சாத்தியிருந்த நீளத் தடியோடு திரும்பினார். நுனியில் வளைந்த சத்தகம். கழுவித்தான் இருந்தது. ஆனால் அலகைத் தடியோடு சேர்த்த கட்டுக்குள் செம்மயிர் நாலைந்து ஒட்டியிருந்தது.

“மார்க்கண்டர்,” என்றார் மாக்கிறேற். இப்போது குரலில் மரியாதை இல்லை. “தட்டுப் பட்டிருந்தா எலும்பு கண்டி வீங்கியிருக்கும். இது கொக்கியால இழுத்த காயம். தட்டுக்குள்ள இருக்கிறது பன்னாடைத் தும்பு. பனைவட்டில கிடந்ததெண்டு இந்தப் பிள்ளை சொன்னது உண்மை. எல்லாரும் ஆர் எறிஞ்சதெண்டு கேட்டியள். பனையால அதை இறக்கினது ஆரெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நேற்று ஓலை வெட்டேக்க தட்டும் விழுந்தது. எடுத்து வைச்சனீர். இண்டைக்கு விடிய நாகு உம்மட வேலியைப் பிரிச்சுது. சத்தகத்தால இழுத்தனீர். பிறகு மூண்டாம் கூடையடி வரைக்கும் கலைச்சுத் துரத்திப்போட்டு, தட்டைக் காலடியில வைச்சிட்டு ஆக்களைக் கூப்பிட்டனீர். தட்டெறி நிண்டா இந்தப் பக்கம் சனம் வராது. எல்லைக்கல் எங்க நிக்குதெண்டும் ஒருத்தரும் பாராயினம்.”

“கலைக்கத்தான் ஓங்கினனான்,” என்றார் மார்க்கண்டு. “கண்ணில படுமெண்டு நினைக்கேல்லை.”

“தட்டும் தெரியாமத்தான் வைச்சனீரோ?”

கந்தப்பு தடியை இறுக்கிப் பிடித்தார். மார்க்கண்டுவை நோக்கி நகர்ந்தார். மாக்கிறேற் குறுக்கே போய் அதை வாங்கிக்கொண்டார். “இது பொலிசுக்கு. காயத்தைப் பற்றி நான் எழுதித் தாறன். கண்ணைக் காப்பாற்ற ஏலாது, அண்ணை. இப்பவே எடுக்கவேணும், இல்லாட்டி உள்ளுக்குப் புழுத்துப்போம்.”

10.20. நாகுவை வேம்போடு சேர்த்துக் கட்டி, கண்ணைச் சுற்றி விறைப்பு ஊசியும் போட்டாயிற்று. “ரெண்டு பேர் தலையைப் பிடியுங்கோ,” என்றார் மாக்கிறேற். மார்க்கண்டு ஓரடி முன்னால் வந்தார்.

“என்ர மாட்டில நீ கை வைக்கக்கூடாது!” கந்தப்புவின் கத்தலில் நாகு மிரண்டு துள்ளியது.

துசாரா கைப்பையைக் கீழே போட்டுவிட்டு வந்து, மூக்கணாங்கயிற்றைப் பற்றி, நாகுவின் தாடையைத் தன் தோளோடு அணைத்தாள். அவள் வெள்ளைச் சட்டையில் இரத்தம் ஊறியது.

“பிள்ளை, நான் உன்னை…” என்று தொடங்கினார் கந்தப்பு.

“நீங்கள் சொன்னதை நான் மறக்கமாட்டன், ஐயா,” என்றாள் அவள், அவரைப் பார்க்காமலே. “அதைப் பிறகு கதைப்பம். இப்ப கொம்பை இறுக்கிப் பிடியுங்கோ.”

கந்தப்பு பிடித்தார். மாக்கிறேற் கத்தியை எடுத்தார்.