பொடியனுக்குள் எரிந்த விளக்குகள்

வாலுவும் பொடியனும் இரட்டையர்கள். வாலு கொஞ்ச நேரம் முந்திப் பிறந்துவிட்டாள். அதற்காக அவள் அடிக்கும் கூத்து கொஞ்சநஞ்சமல்ல.

இருவருக்கும் ஒரே நாளில் ஃப்ளூ காய்ச்சல் வந்தது. வாலு நாலு தும்மல் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். பொடியனோ உடம்பெல்லாம் அனலாகக் கொதிக்க, படுத்த படுக்கையாகக் கிடந்தான்.

"சரியான நோஞ்சான்டா நீ" என்று அவள் விளையாட்டாகச் சொன்னாள். அது அவனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

காய்ச்சல் விட்டும் அவன் அவளோடு பேசவில்லை. பள்ளிக் கால்பந்து அணிக்கு அவன்தான் கோல்கீப்பர். "இனிமே நான் வரலன்னு சார்கிட்ட சொல்லிடும்மா. நோஞ்சானுக்கு எதுக்கு விளையாட்டு?" என்றான். வாலு மன்னிப்புக் கேட்டாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். 

அம்மாவுக்கு ஃப்ளூ கிருமியை ஆராயும் ஆய்வகத்தில் வேலை. விடுமுறை நாளில் வாலுவும் கூடவே ஒட்டிக்கொண்டு போனாள். அம்மா நுண்ணோக்கியில் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்தார்.

"நுரையீரல் செல்லு. கிருமியெல்லாம் செத்தாச்சு, பயப்படாம பாரு."

இருட்டில் அங்கங்கே மங்கலான பச்சைப் புள்ளிகள். அம்மா அடுத்த தகட்டை வைத்ததும் வாலு வாயைப் பிளந்தாள். ஊரே விளக்கேற்றி வைத்ததுபோல் பச்சை ஜொலித்தது.

"ஐயோ பாவம், இதுலதான் கிருமி ஜாஸ்தி."

"இல்லடி. ரெண்டுலயும் ஒரே அளவு கிருமிதான் விட்டோம். நீ பாக்கறது செல்லே செஞ்ச புரதம், கண்ணுக்குத் தெரியப் பச்சைச் சாயம் போட்டிருக்கோம். அது கிருமி வந்துடுச்சுன்னு பக்கத்து செல்லையெல்லாம் உஷார்படுத்தும்."

"அப்போ இதுல மட்டும் ஏன் இவ்வளவு?"

"உஷார்படுத்தினது போதும்னு அடக்கறதுக்கு இன்னொரு புரதம் இருக்கு. இந்தச் செல்லுல அதை எடுத்துட்டோம்."

வாலு கண்ணை எடுக்கவே இல்லை. "இதெல்லாம் எனக்குள்ளயும் நடக்குமா? நான் தூங்கறப்பகூடவா?"

"தூங்கறப்பகூட."

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தன் கையையே புதிதாகப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "பொடியன் உடம்பு கொதிச்சுதே, அது கிருமி செஞ்சதா, அவன் உடம்பே செஞ்சதா?"

அம்மா சற்று யோசித்தார். "உடம்பு சண்டை போடறதாலதான் கொதிக்கும். அவனுக்கு ஏன் அவ்வளவுன்னு எனக்கும் தெரியாது. இந்தப் புரதமெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். அதைத்தான் தேடிட்டிருக்கோம்."

வீட்டுக்கு வந்ததும் வாலு நேராக அவன் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"உனக்குள்ள அவ்வளவு பெரிய சண்டை நடந்திருக்குடா. நோஞ்சான் உடம்பு அப்படிச் சண்டை போடுமா? நான்தான் தெரியாம உளறிட்டேன்."

பொடியன் மெல்லத் திரும்பினான். "நெஜமாவா? பச்சையாவா எரிஞ்சுது?"

"சாயம் போட்டாத்தான் பச்சை. சண்டை நெஜம்."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "உடம்பு தேறினதும் வரேன்னு சார்கிட்ட சொல்லு" என்றான்.

பிறகு மார்பில் கை வைத்து, உள்ளே இருக்கும் செல்களிடம் ரகசியம் பேசுவதுபோல் சொன்னான். "கிருமி போயாச்சு. எல்லாரும் போய்ப் படுங்கப்பா."

வாலு சிரிக்கவில்லை. அவன் மார்பில் காதை வைத்துக் கேட்டாள்.