தட்டினாலும் திறக்காதீங்க

சின்னதா, பெரியதா என்று எங்களுக்குள் பல வாரமாக நடந்துகொண்டிருந்த சண்டையை அன்று தீர்த்துவிடலாம் என்றுதான் கிளம்பினோம்.

இரண்டும் பழைய பாய்மரப் படகுகள். ஒரு குடும்பம் உள்ளேயே சமைத்து, தூங்கி, நாள்கணக்கில் கடலில் இருக்கலாம். படகுத் தரகர் இரண்டையும் கரையேற்றி, அடியில் முட்டுக்கொடுத்து, பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார். ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். முற்றம் முழுக்கப் பெயின்ட் வாடை. யாரோ எங்கோ மரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. பட்டப்பகலில் என்ன பயம் என்று கேட்பீர்கள். நானும் அப்படிக் கேட்கிற ஆள்தான்.

என் கணவருக்குச் சின்னது வேண்டும். அதன் எஞ்சினைப் பார்த்த மாத்திரத்தில் மனுஷர் சொக்கிப்போய் நின்றார். கல்யாணத்தன்று என்னைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. எனக்குப் பெரியது வேண்டும். நின்று சமைக்க இடம், நிமிர்ந்து நடக்க உயரம், மகளுக்கென்று தனியாக ஓர் அறை. வெளியே பழசாகத் தெரிந்தாலும் உள்ளே மரவேலை அத்தனையும் புத்தம் புதிது. வாசனைகூடப் போகவில்லை. அது ஏன் என்று கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

படகு ஆசையே மகளால் வந்ததுதான். வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து பெற்ற ஒற்றைப் பிள்ளை. அவர் வேலை வேலை என்று ஊர் ஊராகச் சுற்றியதில் அவளுக்கு ஏழு வயதாகிவிட்டது. ஒரு வருஷமாவது மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்போம் என்று நீண்ட விடுப்பு எடுத்திருந்தார். வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

பழைய படகு வாங்குகிறவர்கள் ஒரு சோதனை செய்து பார்ப்பார்கள். சன்னல்களையும் வாசலையும் அடைத்துவிட்டு ஒருவர் உள்ளே இருக்க, இன்னொருவர் வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிப்பார். எங்கே ஒழுகுகிறது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். ஒழுகுகிற வாடகை வீட்டில் வாளிக்கும் கூரைக்கும் நடுவே குடித்தனம் நடத்தியவள் நான். இந்தச் சோதனை செய்யாமல் எதையும் வாங்க விட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். தரகர் சிரித்துக்கொண்டே பைப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, வேறு ஆளைப் பார்க்க முற்றத்து வாசல் பக்கம் போனார்.

முதலில் சின்னது. நானும் வாலுவும் உள்ளே போனோம். அவர் வாசல் பலகையைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தண்ணீர் அடித்தார். வாலு சும்மா இருப்பாளா? கூரையில் இருந்த கண்ணாடி மூடியில் மூக்கை நசுக்கி அப்பாவுக்குக் குரங்கு முகம் காட்டினாள். பிறகு பலகையைத் தடதடவென்று தட்டி, "அப்பா, காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று கத்தினாள். அவர் பதறிப்போய்ப் பலகையை எடுத்தார், பைப்பை நிறுத்தாமல். மெத்தையெல்லாம் நாசம். எது ஒழுகின தண்ணீர், எது அவர் கொட்டின தண்ணீர் என்றே தெரியவில்லை. வாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்கு வந்ததே கோபம்.

"ஒரு வேலைய உருப்படியா செய்ய மாட்டீங்களா? அடுத்த போட்லயாவது எல்லா சன்னலும் நனையற வரைக்கும் அடிங்க. இவ தட்டுவா, கத்துவா. தட்டினாலும் திறக்காதீங்க."

"நீ தட்டினா?"

"நான் தட்டினாலும்தான்."

பெரிய படகின் கேபினுக்குள் இறங்கினோம். தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் கூரையில் சடசடவென்று அடித்து, சன்னல்களில் வழிந்து, உள்ளே வெளிச்சம் பச்சையாக மாறியது. கைபேசி விளக்கால் ஒவ்வொரு மூலையாகத் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. மனசுக்குள் ஜெயித்துவிட்டேன். மனுஷர் இனி வாயைத் திறக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. சேறு. அழுகின பாசி. அதற்கும் அடியில் வேறு ஏதோ.

தண்ணீர்ச் சத்தமும் மாறியிருந்தது. கூரையில் அடித்த சத்தம் தரையிலிருந்து வந்தது. சலக், சலக் என்று. குனிந்து பார்த்தேன். பலகை காய்ந்துதான் இருந்தது.

என் காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

"அம்மா," என்றாள் வாலு. குரலில் விளையாட்டு இல்லை. "என்னை யாரோ தூக்கறாங்க."

திரும்புவதற்குள் முதல் அடி விழுந்தது. முழங்காலுக்குப் பின்னால். குப்புற விழுந்தேன். தாடை மேசை விளிம்பில் மோதியது. வாயெல்லாம் ரத்தம், நாக்கில் உடைந்த பல். எழுந்திருக்கக் கையை ஊன்றினேன்.

என் முதுகில் ஒரு கால் ஏறியது.

பிறகு இன்னொன்று.

ஈரமான, கனமான பாதங்கள். யாரோ என்னைப் படியாக்கி மேலே ஏறி நின்றார்கள். தோள்பட்டையில் எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. தலையை மட்டும் திருப்ப முடிந்தது. என் பிள்ளை கூரையோடு ஒட்டியிருந்தாள். அவளைப் பிடித்திருந்த கைகள் தெரியவில்லை. ஆனால் சட்டை அக்குளில் கொத்தாகச் சுருங்கியிருந்தது. கால்கள் காற்றில் உதைத்தன.

அது அவளைக் கீழே இறக்கியது. மறுபடி மேலே இடித்தது.

கண்ணாடி மூடியில் அவள் முகம் போய் மோதியது.

மறுபடி.

மறுபடி.

"திறங்க! என்னங்க, திறங்க!" தொண்டை கிழியக் கத்தினேன். கைக்கு எட்டிய சுவரைத் தட்டினேன்.

மேலே அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. மகள் மறுபடி குரங்கு முகம் காட்டுகிறாள் என்று நினைத்து, அந்தக் கண்ணாடிமேலேயே பைப்பைத் திருப்பி அடித்தார். தண்ணீர் விழ விழ என்மேல் நின்றதற்கு வெறி ஏறியது. அது உறுமவில்லை, பேசவில்லை. தண்ணீரில் முங்குகிறவர்கள் திணறுவதுபோல் திணறியது. வாலுவின் மூக்கு உடைந்தது. சூடாக என் கன்னத்தில் சொட்டியது.

பாய்க் கயிற்றை இறுக்குகிற இரும்புக் கைப்பிடி ஒன்று சுவர்த் தட்டிலிருந்து விழுந்து என் பக்கத்தில் கிடந்தது. உடையாத கையால் அதை எடுத்து, முதுகுக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில் வீசினேன்.

அடி சதையில் விழுந்தது.

இன்னொரு முறை. எலும்பில் பட்டது. விடவில்லை. அடித்தேன். என்ன அடிக்கிறேன் என்று தெரியாமல், கெட்ட கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி அடித்தேன். ஒரு கை கீழே வந்து என் தலைமுடியைக் கொத்தாகப் பற்றி, நெற்றியைத் தரையில் மோதியது. அந்தக் கையைக் கடித்தேன். வாயில் உப்பும் மணலும் நிறைந்தன. என்ன செய்தும் மேலே இருந்த இன்னொரு கை என் பிள்ளையை விடவே இல்லை.

தண்ணீர் நின்றது. அவர் கண்ணாடியில் சிவப்பைப் பார்த்துவிட்டார்.

தாழ்ப்பாள் விலகி, பலகை பறந்து, வெயில் உள்ளே விழுந்ததும் என் முதுகு லேசானது. வாலு என்மேல் பொத்தென்று விழுந்தாள்.

அவர் எங்களைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது தரகர் ஓடி வந்தார். என் கணவர் கோழைபோலப் பேசுகிறவர், பஸ்ஸில் காலை மிதித்தவனிடமும் தானே மன்னிப்புக் கேட்பார். அன்று தரகரின் கழுத்தைப் பிடித்து ஏணியோடு சேர்த்து நெரித்தார்.

"சொல்லு. இது என்ன போட்?"

"கடலுக்கு அடியில இருந்து எடுத்தது சார்," தரகருக்கு மூச்சு முட்டியது. "புயல்ல முங்கினது. அலை உள்ள வரக்கூடாதுன்னு புருஷன் வெளியில தாழ்ப்பாள் போட்டிருக்கான். அலை அவனை அடிச்சுட்டுப் போயிடுச்சு. உள்ள பொண்டாட்டியும் பொண்ணும்."

"அப்புறம்?"

"விட்டுடுங்க சார்."

"அப்புறம்!"

"எடுக்கும்போது அந்தம்மா குழந்தையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருந்தாங்களாம். கையை இறக்கவே முடியலையாம்."

மரவேலை ஏன் புதிது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவசரப் பிரிவில் டாக்டர் அம்மா வாலுவின் சட்டையைக் கழற்றினார். இரண்டு அக்குளிலும் கறுத்துப்போன விரல் தடங்கள். என் கணவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, என் கையை எடுத்து அந்தத் தடங்களின்மேல் வைத்துப் பார்த்தார். என் விரல்கள் அவ்வளவு நீளம் இல்லை.

எந்தப் படகை வாங்கினீர்கள் என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். எதையும் வாங்கவில்லை. அவர் விடுப்பு முழுவதையும் மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் கழித்தார். எனக்கு அந்தப் பெண்மேல் இரக்கம் வர வேண்டும். நான் அங்கே இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். எவள் முதுகிலாவது ஏறி நின்று என் பிள்ளையை மேலே தூக்கியிருப்பேன். இது தெரிந்தும் இரக்கம் வரவில்லை. அவளை மறுபடி அடிக்கக் கை பரபரக்கிறது.

தையல் பிரித்து, மூக்கு வீக்கமும் வடிந்த பிறகு ஒரு காலையில் வாலு தானே குளிக்கப் போவதாகச் சொன்னாள். அத்தனை நாளாக நான்தான் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். "நான் பெரிய பொண்ணு, நீ வெளிய நில்லு" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். பழைய வாய் திரும்பிவிட்டதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஷவர் திறக்கிற சத்தம் கேட்டது. ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

பாட்டு பாதியில் நின்றது.

"அம்மா."

"என்னடி?"

"போதும்மா. வலிக்குது. தலை இடிக்குது. என்னைக் கீழ விடும்மா."

நான் கையில் துண்டோடு கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.